கண்ணாடியில் திருப்பிய முக்கோணம்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர் ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் என்னை நிறுத்திச் சொன்னார்: "உமக்குச் சுருதி காதிலையும் இல்லை, தொண்டையிலையும் இல்லை. நீர் கதிரையளை அடுக்கும்."

நான் குளியலறைகளுக்கு டைல்ஸ் போடுகிறவன். காது பிடிக்காததைக் கண் பிடிக்கும். மணிக்கூடு போல ஒரு வட்டம் கீறி, பன்னிரண்டு சுரங்களையும் சுற்றிவர வைத்தேன். சேர்ந்து இனிமையாக ஒலிக்கும் மூன்று சுரங்களைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வந்தது. பன்னிரண்டு, நான்கு, ஏழு. அதை வட்டத்துக்குள் எங்கே சுழற்றினாலும் அதே மகிழ்ச்சிதான் கேட்கும். குளிர்காலம் முழுக்க இப்படியே கீறினேன். குழுத் தலைவர் அவற்றைப் பார்த்து, "விசர் வேலை" என்றார். ஆனால் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

பங்குனியில் ஒரு இசை வகுப்புக்கு விளம்பரம் வந்தது. "இசையைக் கண்ணால் காணுங்கள்." என் வட்டம், அவருடைய பெயர்.

நான் சண்டைக்குப் போகவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அவர் திரையில் முக்கோணத்தைக் காட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து கையை உயர்த்தினேன்.

"அண்ணை, இதைக் கண்ணாடியிலை பாத்தா என்ன கேக்கும்?"

"அதேதான் கேக்கும். கண்ணாடியிலை பாத்தா உம்மடை முகம் மாறுமே?"

சனம் சிரித்தது. நான் எழுந்துபோய்ப் பலகையில் முக்கோணத்தை இடம்வலமாகத் திருப்பிக் கீறினேன். பன்னிரண்டு, எட்டு, ஐந்து. கீபோர்டில் இருந்தவள் எங்கள் குழுவில் பாடும் தாதி. வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள்.

"இது சோகமாயெல்லோ கேக்குது," என்றாள். "எஃப் மைனர்."

பின்வரிசையில் ஒரு அன்ரி கேட்டார், "அப்ப உதைக் கீறினது ஆர்?"

"நாங்கள் ரெண்டு பேரும் சேந்துதான்," என்றார் அவர்.

"ஓம். அப்ப மிச்சத்தை நீங்களே சொல்லுங்கோ அண்ணை," என்று சொல்லிவிட்டு நான் போய் என் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் தண்ணீர் குடித்தார். அடுத்த படத்துக்குப் போனார், திரும்பி வந்தார். வகுப்பு முடிய மிச்சமிருந்த இருபது நிமிடமும் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் என்னை மறித்தார். "தனிய வந்து கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா என்ரை வட்டத்தைத் திருப்பித் தந்திருப்பியளே?"

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். பிறகு நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு மாறிவிட்டார். குழுவை இப்போது அந்தத் தாதி நடத்துகிறாள். அவளும் என்னைப் பாட விடுவதில்லை. அவரை நினைத்து ஒருநாள் இரக்கம் வரும் என்று பார்த்தேன். இன்னும் வரவில்லை.