பசைத் தண்ணீர்

செப்டிக் டேங்கைச் சோதித்துப் பார்க்க ஒரு நீளக் கம்பும் ஒரு வெள்ளைத் துண்டும் போதும். கம்பின் முனையில் துண்டைச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். தொட்டியின் அடிவரை மெதுவாக இறக்கி, சற்று நேரம் வைத்திருந்து, அதேபோல மெதுவாக எடுக்க வேண்டும். துண்டில் எவ்வளவு தூரம் கறுப்பு ஏறியிருக்கிறதோ, அவ்வளவு உயரத்துக்குக் கசடு படிந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் லாரியை வரச் சொல்லிவிட வேண்டும். இதை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை. தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், அதற்காகக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீடு ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. அப்பா பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா பகலில் கம்பெனி வேனில் போய் வருவாள். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டுவாள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான். வேதியியல் படித்துவிட்டு இப்போது விருதுநகரில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன்.

கழிப்பறை கட்டியது அம்மாவின் பிடிவாதத்தில். தங்கை வயதுக்கு வந்தபோது, "எம்பிள்ள என்ன மாதிரி எப்படா இருட்டும்னு காத்துக் கெடக்கக் கூடாது" என்று சொல்லிச் சொல்லியே அப்பாவைக் குழி தோண்ட வைத்தாள். ஆனால் அதனால் அவளுக்குப் பெரிய பயன் இல்லை. கம்பெனியில் எண்ணிக்கைக்குத்தான் கூலி. எழுந்து போனால் எண்ணிக்கை குறையும். அதனால் காலையில் வேன் ஏறும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். வீட்டுக்குள் கழிப்பறை வந்த பிறகும் இருட்டினால்தான் போவாள். உடம்பு அப்படிப் பழகிவிட்டது. சிறுநீரகம் கெட்டு, மதுரையில் டாக்டர் "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?" என்று கேட்டபோது அம்மா சிரித்தாள். "தாகம் எடுத்தாத்தான சார் குடிக்க."

கம்பெனிக்குப் போக முடியாமல் ஆனபிறகு குழாய் உருட்டுவது மட்டும் மிஞ்சியது. கொல்லையில் செப்டிக் டேங்கின் மேல்தளம்தான் வீட்டிலேயே சமமான, நிழல் விழும் இடம். அதன்மேல் சாக்கை விரித்து உட்கார்ந்து, பக்கத்தில் பசை வாளியை வைத்துக்கொள்வாள். உருட்டிய குழாய்களை வரிசையாக அங்கேயே காயப் போடுவாள். கடைசிவரை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் போய் அடுத்த தீபாவளி சீசனில் தங்கைக்கு வளைகாப்பு. விஸ்வநத்தத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கம் யாரும் கேட்டுக்கொள்ளாமலே நடக்கிற விஷயம். தாய் இல்லாத வீட்டுக்கு எப்படி என்று எல்லோரும் இழுத்தார்கள். தங்கை மட்டும் போனில் என்னிடம், "அம்மா இல்லாட்டி என்னண்ணே, அம்மா வீடு இருக்குல்ல. நான் அங்கனதான் வருவேன்" என்றாள்.

அவளுடைய மாமியார் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். கெட்டவர் இல்லை. வாழைப்பழச் சீப்போடு வந்து, அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தொட்டில் கட்டுகிற உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சித்தி வந்து சமைத்துத் தருவதாகச் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு கழிப்பறைக்குப் போய் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் இறங்கவில்லை. ஏறி வந்து, விளிம்பில் நின்றது.

"அண்ணே, புள்ளத்தாச்சி வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று அப்பாவிடம் கேட்டார். "இத மட்டும் சரி பண்ணிட்டுச் சொல்லுங்க. நானே கொண்டாந்து விடுறேன்."

அந்த வார இறுதியில் நான் ஊருக்குப் போனேன். தொட்டி மூடியைச் சுற்றிலும் சிமெண்ட் பூசி அடைத்திருந்தது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒருமுறை மூடினால் திறக்க வேண்டிய தேவையே வராது என்று நினைத்துப் பூசிவிடுவார்கள். தளத்தின்மேல், அம்மா உட்கார்ந்த பக்கம், பசை சொட்டிச் சொட்டிக் காய்ந்த திட்டுகள் இருந்தன.

"ஒடைக்காமப் பாக்க முடியாதாலே?" என்றார் அப்பா.

"முடியாதுப்பா."

என்னை உளியைத் தொட விடவில்லை. அவரே உட்கார்ந்து, பசைத் திட்டுகள் மேல் சில்லு தெறிக்காமல் ஒரு கோணியைப் போட்டு மூடிவிட்டு, பூச்சை மட்டும் கொத்தினார். மூடி அசைந்ததும் நான் அவரைத் தள்ளி வரச் சொன்னேன். அவர் கை சட்டைப் பையில் பீடியைத் தேடியது.

"வேண்டாம்ப்பா. உள்ள கேஸ் இருக்கும். பத்திக்கும்."

"வெடிமருந்து லோடு ஏத்துறவனுக்கு வாத்தியாரு பாடம் எடுக்காரு" என்றார். ஆனாலும் தீப்பெட்டியைக் கொண்டுபோய்த் தெருப்பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டு வந்தார்.

நெடுநேரம் காற்றாட விட்டோம். பிறகு கம்பை இறக்கினேன். இறங்கவில்லை. மேலே ஏடு கட்டியிருப்பது இயல்புதான், கம்பால் தள்ளினால் விலகிவிடும். இது விலகவில்லை. தோல்போலக் கெட்டியாக இழுத்தது. ஒருவழியாக அடிவரை அழுத்தி எடுத்தபோது, துண்டு முழுக்கக் கறுத்திருந்தது. அதில் சிவப்பும் பச்சையுமாகக் காகிதத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. குழாய் உருட்டுகிற காகிதம்.

கழிப்பறைப் பீங்கானில் நீலம் பாய்ந்த ஒரு கறை உண்டு. தண்ணீரின் உப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அம்மா பசை வாளிய எங்கனப்பா கழுவும்?"

அப்பா கம்பிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"நீ காலேஜ் ஆஸ்டல்ல கெடந்தப்ப. மிச்சப் பசையக் கொல்லையில கொட்டுவா. பக்கத்து வீட்டுச் செனை ஆடு வந்து நக்கிட்டு, காலு வெட்டி வெட்டி இழுத்துச் செத்துப்போச்சு. அவுக ஒண்ணும் சொல்லல. உங்கம்மாதான் சோறே எறங்காமத் திரிஞ்சா. வாயில்லாச் சீவனக் கொன்னுட்டேனேன்னு. அன்னையிலருந்து மிச்சத்தக் கக்கூஸ்லதான் ஊத்துவா. ஒரு உசுரும் வாய் வைக்காத எடம் இந்த வீட்டுல அது ஒண்ணுதான்னு சொல்லுவா."

மைதாப் பசையை எலியும் பூச்சியும் அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பைக் கலப்பார்கள். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அப்பாவுக்கு மற்றதைச் சொல்ல ஆரம்பித்தேன். தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கும். அவைதான் கழிவைத் தின்று தண்ணீராக்கும். துத்தம் பட்டால் அவை பிழைக்காது. அவை செத்தால் விழுந்ததெல்லாம் விழுந்தபடியே கிடக்கும். வகுப்பில் சொல்வதுபோலத்தான் சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

"ஏலே, அப்ப இது அவ செஞ்சதா?"

"அம்மாவுக்குத் தெரியாதுல்லப்பா."

"யார்ட்டயும் சொல்லாத" என்றார்.

லாரி சாத்தூர்ப் பக்கமிருந்து வந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, தொட்டியா, பசை கம்பெனியா?" என்றார். ஆள் யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று நான் முதலிலேயே சொன்னேன்.

"எறங்கச் சொன்னாலும் எறங்க மாட்டோம் சார். எம்பொண்டாட்டிக்கு நான் வேணும்ல."

தண்ணீரை வேகமாக அடித்து, மேலிருந்தே கலக்கிக் கலக்கி, குழாய் அடைக்கும்போதெல்லாம் கழற்றி மாட்டி இழுத்தார்கள். ஒரு தடவை அடைப்பை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டுநர் சலிப்போடு, "எந்தக் கூறுகெட்ட ஆளுய்யா இதுல பசைய ஊத்துனது?" என்றார்.

"நாந்தான்" என்றார் அப்பா.

ஓட்டுநருக்குச் சங்கடமாகிவிட்டது. "சரி விடுங்கய்யா, தெரியாம ஊத்துறதுதான்" என்று வேலையைப் பார்த்தார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொட்டி சுத்தமாகிவிட்டது. சிமெண்ட் பூசாமல் தூக்கித் திறக்கிற மாதிரி, இரும்பு வளையம் வைத்த மூடி செய்து போட்டோம். தண்ணீர் ஊற்றினால் சட்டென்று இறங்கியது. அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். அம்மாவின் பழைய சேலைகளைத் துவைத்துத் தொட்டிலுக்கு மடித்து வைத்தார். தங்கையின் மாமியார் மறுபடி வந்து பார்த்தபோது அவருக்கும் மகிழ்ச்சிதான். தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்னண்ணே கோளாறு? குழாய்ல அடைப்பா?"

மண் அடைத்திருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

"எம்மேலதான் தப்பு தாயி. மிச்சப் பசைய அதுல ஊத்திட்டேன்."

"துத்தம் கலந்த பசையா? விஷமில்லண்ணே அது?"

"ஆமா. புத்தியில்லாம ஊத்திட்டேன்."

"மதினி இருக்கும்போதா?"

அப்பா அவசரமாகத் தலையை ஆட்டினார். "ஐய, அவ இதெல்லாம் செய்வாளா? அவ போனதுக்குப் பெறகு. நாந்தான் குழாய் உருட்டுறேன்னு, வாளிய அங்கன வச்சு, இங்கன வச்சு..."

அப்பாவுக்குக் குழாய் உருட்டவே வராது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையை லேசாக அசைத்தார். பேசாதே என்று.

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். பிறகு, "கோவிச்சுக்கிடாதீக அண்ணே. ரெண்டும் ஆம்பளைக. பிள்ளையோட பால் பாட்டிலு, சங்கு, வெந்நீருன்னு நூறு சாமான் கெடக்கும். விஷத்த எங்கன வைக்கணும், எங்கன ஊத்தணும்னு தெரியாத வீட்டுல பச்சப்பிள்ளைய எப்படி விடட்டும்? அவ அங்கனயே இருக்கட்டும். நீங்க வந்து பாத்துக்கிடுங்க" என்றார்.

அவர் போன பிறகு அப்பாவிடம் சண்டை போட்டேன். "அம்மா தெரியாம ஊத்துச்சுன்னு சொல்லியிருந்தா அது அம்மாவோட முடிஞ்சுபோயிருக்கும்ப்பா. இப்ப நீங்க ஊத்துறீகன்னுல்ல பயப்படுறாக. அதான் அனுப்ப மாட்டேங்கிறாக."

"தெரியும்லே" என்றார். "சொன்னதுக்குப் பெறகுதான் தெரிஞ்சுச்சு."

"இப்பவாச்சும் போய்ச் சொல்லுவோம்."

"என்னன்னு சொல்லுவ? சுத்தம் சுத்தம்னு கழுவிக் கழுவியே செத்தவ அவ. ‘உங்கம்மாதான் கக்கூஸக் கெடுத்தா'ன்னு சம்பந்தக்காரி வாயால ஒரு சொல்லு அவளுக்கு வரணுமா? எம்பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது. நான் உசுரோட இருக்கேன், தாங்கிக்கிடுவேன்."

அன்று சாயங்காலமே தங்கை கூப்பிட்டாள். அழுதுகொண்டே திட்டினாள். "அவருக்கு அறிவு வேண்டாமாண்ணே? அம்மா அம்புட்டு ஆசையாக் கட்டுன எடம். இவருக்கு ஊத்த வேற எடமா இல்ல?" நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா எதிரில் உட்கார்ந்து தொட்டில் சேலைகளை மறுபடி பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் குரல் அவருக்கும் கேட்டது. "வயசாயிருச்சுல்லம்மா, விடு" என்று மட்டும் சொன்னேன்.

அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனோம். அப்பா வாசலைத் தாண்டியதுமே, "கைய மட்டும் நல்லாக் கழுவிட்டு வந்துருங்கண்ணே" என்றார் அந்த அம்மாள். தப்பாகச் சொல்லவில்லை, எல்லோரிடமும் சொல்வதுதான். அப்பா முற்றத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்தார். திரும்பப் போய் மறுபடி கழுவினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அந்த அம்மாளிடம் காட்டிவிட்டுத்தான் பேத்தியை வாங்கினார். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது தொட்டியைத் திறந்து பார்த்தேன். கம்பில் துண்டைச் சுற்றி இறக்கினேன். நுனியில் மட்டும் ஒரு விரற்கடை கறுத்திருந்தது. மற்றபடி துண்டு வெள்ளையாகவே வந்தது.

"நல்லா இருக்குப்பா. இப்போதைக்கு நெறையாது" என்றேன்.

"நெறையணும்னா வீட்டுல ஆளு வேணும்ல" என்றார் அப்பா. வளையத்தைப் பிடித்து மூடியை அவரே இழுத்துப் போட்டார். தளத்தில் சிந்திய தண்ணீரை, பசைத் திட்டுகள் நனையாமல், மறுபக்கமாகத் தள்ளிவிட்டார்.