முப்பத்திரண்டாவது ஆள்

"உள்ள போங்க, உள்ள போங்க! வாசல்லயே நின்னா பின்னால வர்றவன் என் தலை மேலயா ஏறுவான்?"

அயல்நாட்டுப் போர் அருங்காட்சியகம் ஒன்றின் வாசலில் திகைத்து நின்ற உள்ளூர்க் கூட்டத்தை அக்கா இப்படித்தான் நகர்த்தினார். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. ஆனால் குரல் புரிந்தது, நகர்ந்தார்கள்.

அக்கா இருபத்தெட்டு வருடமாக நம் ஊர் நகரப் பேருந்தில் கண்டக்டர். ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கிறது. விடுமுறை நாளில் பயணியாக ஏறினாலும் உட்காரமாட்டார். "உக்காந்தாத்தான் கால் வலிக்குது தம்பி" என்பார். எங்கே போனாலும் தலை எண்ணுவார். கல்யாண மண்டபம், டாக்டர் வீட்டு வரிசை, லிஃப்ட், எதுவும் தப்பாது. அவர் வீட்டு மேல் மாடியில் குடியிருக்கும் எனக்கு இந்த நாட்டு மொழி தெரியும் என்பதால் துணைக்கு இழுத்து வந்திருந்தார்.

வேடிக்கை பார்க்க வரவில்லை. இந்த நாட்டோடு நாம் போரிட்டபோது அவருடைய அப்பா இங்கே பதினோரு மாதம் கைதியாக இருந்தார். உயிரோடு திரும்பி வந்ததே குற்றம் என்பதுபோல் தெரு பேசியது. 'கையத் தூக்கினவன் பொண்ணு' என்பது பள்ளியில் அக்காவின் பட்டப்பெயர். அப்பா யாருக்கும் பதில் சொன்னதில்லை. போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"குளிர் வந்தா மட்டும் 'அங்க ஒருத்தன் இருந்தான்'னு ஆரம்பிப்பாரு. அம்மா மொறைச்சா வாய மூடிக்குவாரு. நானும் கேட்டதில்ல தம்பி. எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு."

இரண்டாவது கூடத்தில் ஒரு புகைப்படம் இருந்தது. பனித் தரையில் மூன்று வரிசையாகக் கைதிகள். முன்வரிசையில், தோளுக்குப் பொருந்தாத பெரிய கோட்டுக்குள் ஒல்லியாக ஒருவர். "எங்கப்பா" என்றார் அக்கா. அழவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"பிடிபட்ட எதிரி வீரர்கள், முப்பத்தொரு பேர்."

"முப்பத்திரண்டு இருக்கே! ஒரு ஆள் அதிகமா இருக்கு. அங்க நிக்கிற அந்தம்மாவக் கூப்பிடு."

மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த மேற்பார்வையாளர் அம்மாள் மரியாதைக்குச் சிரித்துவிட்டு எண்ணினார். சிரிப்பு போயிற்று. பேனா முனையால் மறுபடி எண்ணினார். பதிவேட்டில் முப்பத்தொன்றுதான், அதில் தவறில்லை என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அப்பாவுக்குப் பக்கத்தில் வெறும் சட்டையோடு ஒருவன், கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் எல்லோருடைய காலிலும் கந்தல் சுற்றியிருந்தது. அவன் காலில் மட்டும் பூட்ஸ்.

"இவர் கைதி இல்லை. எங்கள் காவலர்" என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு அப்பாவின் கோட்டைக் காட்டினார். அதன் பித்தான்களும், பக்கத்துப் பெட்டியில் வைத்திருந்த காவலர் உடுப்பின் பித்தான்களும் ஒன்றே.

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"இவன்தானா?" என்றார் அக்கா. பிறகு, "ஒரே ஒரு தடவ கேட்டிருக்கலாம் தம்பி."

அந்த அம்மாள் எதுவும் கேட்காமல் தடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அக்கா படத்தருகே போய், கைக்குட்டையை எடுத்து, படத்தின் கண்ணாடியில் அப்பாவின் முகத்துக்கு மேலிருந்த தூசியைத் துடைத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவனின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் வாயால் ஊதி, அதைவிட மெதுவாகத் துடைத்தார்.