வைத்திக்குப்பத்தில் ஒரு ரிவர்ஸ்

விபத்து என்று போன் வந்தால் எனக்குக் காலில் சக்கரம் முளைத்துவிடும். தப்பாக நினைக்காதீர்கள், யாருக்காவது அடிபட்டது என்றால் சோறு இறங்காத ஆள்தான் நான். ஆனால் ஆளுக்கு ஒன்றுமில்லை, வண்டிதான் இடித்தது என்று தெரிந்துவிட்டால், தப்பு யார் மேல் என்று கண்டுபிடிக்கிற கிறுக்கு என்னைப் பிடித்துக்கொள்ளும். சேதராப்பட்டில் ஒரு பார்சல் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. டெலிவரி வண்டி எங்கே மோதினாலும் நான் போய்ப் பார்த்து, ‘தவிர்த்திருக்கலாம்’ அல்லது ‘தவிர்த்திருக்க முடியாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது.

அன்று காலை போன் செய்தவள் எங்கள் கம்பெனியின் ஒரே பெண் டிரைவர்.

“அக்கா, வைத்திக்குப்பத்துல இடிச்சிட்டேன்க்கா. ரிவர்ஸ்ல. ஒரு ஸ்கூட்டி. ஆளுக்கு ஒண்ணுமில்ல.”

குரல் உடைந்திருந்தது. உடையாதா பின்னே! பார்சல் பிரிக்கும் கூடத்தில் வருஷக்கணக்காக மூட்டை தூக்கிக்கொண்டே லைசென்ஸ் எடுத்து, மேலாளரை நச்சரித்து, ‘குட்டி யானை’ சரக்கு வண்டியின் சீட்டில் ஏறியவள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அதற்குள் ‘தவிர்த்திருக்கலாம்’ என்று ஒன்று விழுந்தால் சீட்டு போய்விடும், மறுபடி மூட்டைதான். எனக்கு அவள் மேல் ஒரு தனிப் பிரியம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பறந்தேன்.

போய்ப் பார்த்தால் தெருவே திருவிழாவாக இருந்தது. வண்டி நடுத்தெருவில் நிற்கிறது. அதன் பின்பக்க இடது மூலையில் ஸ்கூட்டி சாய்ந்து கிடக்கிறது. அதில் கட்டியிருந்த பெட்டி கவிழ்ந்து, ஐஸும் சங்கரா மீனும் தரையெல்லாம் சிதறியிருந்தன. ஸ்கூட்டிக்குச் சொந்தக்காரர் வீடு வீடாக மீன் விற்கிற அம்மா. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை வரவேற்றார்.

“நீதான் ஆபீசரா? வாம்மா, வா! உங்க பொண்ணுக்குக் கண்ணு இன்னா பிடரியிலயா இருக்குது?”

“ரிவர்ஸ் எடுக்கறவளுக்கு அங்கதாம்மா கண்ணு வேணும்!” என்றேன். கூட்டம் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

அந்தத் தெருவில் வண்டி திருப்ப இடமில்லை. பார்சலைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே பின்னால்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துவிட்டால் எவனும் சும்மா நிற்க மாட்டான். குடிக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, ‘வா வா வா... ரைட்டுல ஒடி... வா வா’ என்று கையை ஆட்டுவான். அவன் யார் என்று டிரைவர் கேட்பதில்லை. அந்தக் கை வா என்றால் வண்டி வரும், நில் என்றால் நிற்கும். அன்றைக்கு அப்படிக் கை காட்டியவர், வண்டிக்கு வலது பக்கம் தெருவோரமாக உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு அண்ணன்.

“நான் நல்லதுக்குத்தான் வா வான்னேன். அந்தாண்ட ஸ்கூட்டி நின்னது எனக்கு எப்படித் தெரியும்? எம்மேல இன்னா தப்பு?” என்று அவரும் கொதித்தார்.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாதே! எனக்கு வேகம் வந்துவிட்டது. “எல்லாரும் அப்ப எங்க இருந்தீங்களோ அங்கேயே போய் நில்லுங்க. மறுபடியும் நடத்திப் பாத்துடுவோம்!” என்று கத்தினேன்.

நான் சொல்லி வாய் மூடவில்லை, தெருவே எடுபிடியாகிவிட்டது. வண்டியை முன்னால் நகர்த்தினோம். ஸ்கூட்டியைத் தூக்கிப் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். நான் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டேன். வலைக்கார அண்ணன் தன் இடத்தில் நின்று கையை உயர்த்தினார்.

“தெரியுதா?” என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

இடது கண்ணாடியைப் பார்த்தேன். “தெரியல!”

வண்டியை இன்னும் கொஞ்சம் பின்னால் விட்டேன். “இப்போ?” என்றார்கள்.

“இப்பவும் தெரியல!”

ஒவ்வொரு ‘தெரியல’வுக்கும் கபடியில் ஆள் அவுட் ஆனது போல ஒரு ஆரவாரம். கடைசியில் மீன்கார அம்மாவே மனமிறங்கினார். “உண்மையச் சொல்றேம்மா. வண்டி நகர ஆரம்பிச்சப்புறம்தான் நான் பின்னாடி வந்து நிறுத்துனேன். ஒரு வூட்டுக்கு மீனக் குடுத்துட்டு ஓடியாந்துடலாம்னு பாத்தேன்.”

போதாதா! சீட்டிலிருந்து குதித்தேன். “முடியாது! யாரா இருந்தாலும் இதத் தவிர்த்திருக்கவே முடியாது!” தெரு கைதட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் டிரைவர் பெண்ணைக் கட்டிக்கொள்ளத் திரும்பினேன். அவள் மட்டும் கைதட்டாமல் நின்றாள்.

“அக்கா, நின்ன எடத்துல தெரியாதுதான். ஆனா அவங்க ஓட்டிகினு வந்தப்ப இடது கண்ணாடியில தெரிஞ்சிருப்பாங்க. நான் அந்தப் பக்கமே பாக்கல. அண்ணன் கையையே பாத்துகினு வந்தேன்.”

“வாய மூடுடி,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவள் எங்கே பார்த்தாள் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்?

மீன்கார அம்மாவுக்கே பொறுக்கவில்லை. “அடிக் கிறுக்கி! வர்ற சீதேவியக் காலால ஒதைக்கிறியே!”

அவள் அழவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள். “முடியாதுன்னு எழுதுனா எனக்கு நல்லதுதான்க்கா. ஆனா நாளைக்கு அதே எடத்துல ஒரு கொழந்த வந்து நின்னா, அப்பவும் முடியாதுன்னுதான சொல்லுவேன்?”

எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, இரண்டும் ஒன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வண்டியின் கதவில் காகிதத்தை வைத்து, ‘தவிர்த்திருக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, மீன்கார அம்மாவோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீன் பொறுக்கினாள். மறுநாள் கூடத்தில் மூட்டை தூக்கினாள்.

பிறகு ஒரு டிரைவர் வேலையை விட்டுப் போனார். அந்தச் சீட்டில் யாரை ஏற்றலாம் என்று மேலாளர் கேட்டார். யோசிக்காமல் அவளைச் சொன்னேன்.

அவர் புருவத்தைத் தூக்கினார். “தவிர்த்திருக்கலாம்னு எழுதி அந்தப் பொண்ண எறக்கினதே நீங்கதான மேடம்?”

“ஆமா சார்,” என்றேன். “அப்படி எழுதுங்கன்னு என்கிட்ட கேட்ட டிரைவர் அவ ஒருத்திதான்.”