நாலாவதாக நின்றவள்

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். காலையில் அவளை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவேன். பத்து மணிக்குக் கைக்குழந்தைக்காரிகள் ஏழு பேரும் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவோம்.

தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த தொரைக்கு அது கண்ணை உறுத்தியது. கணக்கப்பிள்ளையிடம் கடிகாரத்தைக் கொடுத்து, நாங்கள் போய்வரும் நேரத்தை ஒருநாள் குறிக்கச் சொன்னார். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடி நிற்கும்போது கணக்கப்பிள்ளை ஏழு பேரின் நேரத்தையும் வாசித்தார். பதினொன்று, பதினாலு, முப்பத்து மூன்று, முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. கூட்டி ஏழாகப் பங்கு போட்டால் முப்பது நிமிடம். நாளையிலிருந்து அதற்குமேல் நேரம் எடுத்தால் மலையில் இடமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

நாற்பத்தொன்று நான்தான். நான் கொழுந்து பறிக்கும் நிரை மலை உச்சியில். இறங்கி ஏறவே இருபத்தைந்து நிமிடம் போய்விடும். மிச்சம் ஐந்து நிமிடத்தில் பாதிக் குடியில் பிள்ளையைப் பிடுங்கிவிட்டு ஓட வேண்டியதுதான். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை, பதினொரு நிமிடத்தில் திரும்பிய பெண்மேல் கொட்டினேன்.

“ஒன்னாலதான்டி எங்க புள்ளைங்க பட்டினி! கொஞ்சம் மெதுவா வந்தா என்னா?”

“காம்பராவுக்கு மேலயே எனக்கு நெரை குடுத்தாங்க அக்கா. நான் என்னா பண்ணட்டும்?” என்று அழுதுவிட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் என்ன தப்புச் செய்தாள்? அப்புறம்தான் அந்த முப்பதை யோசித்துப் பார்த்தேன். ஏழு பேரில் ஒருத்தியின் நேரம்கூட முப்பதாக இல்லையே! இரண்டு பேர் அதற்கு ரொம்பக் கீழே, ஐந்து பேர் அதற்கு மேலே.

மறுநாள் பெரட்டில் நாங்கள் கூடையைத் தூக்கவில்லை. நேரம் குறைந்தவள் முதலில், கூடினவள் கடைசியில் என்று ஏழு பேரும் வரிசையாக நின்றோம். கடைசி ஆள் நான். கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் தொரையும் நின்றிருந்தார்.

“ஐயா, இதுல சரியா முப்பது நிமிசத்துல வந்தவ யாருன்னு தொரையக் காட்டச் சொல்லுங்க” என்றேன்.

“வாய் நீளுது ஒனக்கு” என்றார் கணக்கப்பிள்ளை.

“நீளட்டுங்க. முன்னால மூணு பேரு, பின்னால மூணு பேரு, நடுவுல நிக்கிறவளுக்கு முப்பத்தாறு. அவ நேரத்தக் குடுங்க. பின்னால நிக்கிற நாங்க ஓடியாந்து சேந்துக்கிறோம். அதுல ஒரு நிமிசம் கொறஞ்சாலும் மலைக்குப் போக மாட்டோம்.”

எங்களுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகக் கூடையைக் கீழே வைத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொரை வரிசையை ஒரு தரம் நடந்து பார்த்தார். நாலாவது ஆளின் முன்னால் நின்றார். அவளும் தலை குனியவில்லை. முப்பத்தாறு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ஓட்டமாக ஓடித்தான் போனேன். ஆனால் என் மகள் தானாக வாயை எடுக்கும்வரை குடித்தாள். இன்றைக்கும் யாராவது எங்களையெல்லாம் கூட்டிப் பங்கு போட்டு ஒரு கணக்குச் சொன்னால், “எங்கள வரிசையா நிக்க வச்சுப் பாத்துட்டுப் பேசுங்க” என்று சொல்ல நான் பயப்படுவதில்லை.