நாலுமணி அக்கா வீட்டில் இருந்த கால்

எங்கள் பட்டறையில் வெள்ளிக்கிழமை நாலு மணி ஆகிவிட்டால் ஒருவரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. முதலாளி போட்ட சட்டமில்லை இது, அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா போட்டது. "எல்லாரும் கையை எடுங்க, காப்பி எடுக்கணும்" என்று குரல் வரும். ஒரு ஹார்ட் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரில் இருப்பதை அடியோடு பிரதி எடுத்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். முக்கால் மணி நேரம் அம்போ. அதனால்தான் நாலுமணி அக்கா என்ற பெயர். வைத்த புண்ணியவான் நான். அவர் என்னைவிட மூன்று வயது சின்னவர். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து அக்கா தவிர வேறு எதுவும் வாயில் வராது.

"அக்கா, அப்படியே என் டிபன் பாக்ஸையும் ஒரு காப்பி எடுத்து வைங்களேன்" என்பேன்.

"எடுத்தா தினமும் அதே சாப்பாடுதான் வரும். சம்மதமா?" என்பார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடையில் கிடைக்கிற ஷூ சேராத கால்களுக்கு ஷூ செய்வது எங்கள் வேலை. காலை அளந்து கம்ப்யூட்டரில் வரைவோம். அந்த ஃபைலைப் பார்த்து மெஷின் மரக்கட்டையில் அதே காலைச் செதுக்கித் தரும். கட்டையின்மேல் தோலை இழுத்துத் தைப்பார்கள். வரைவது நான், இருபத்தோரு வருஷமாக. கை சுத்தம், வாய்தான் சரியில்லை என்பது என் மனைவியின் தீர்ப்பு. கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே குடியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

அன்று சனிக்கிழமை காலை. கணக்கு டீச்சர் ஒருவர் புது ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய ஷூவோடு வந்தார். சின்ன வயதில் விபத்தில் இடது பாதம் நசுங்கியவர். ஒன்பது வருஷத்துக்கு முன் பதினோரு தடவை திருத்தித்தான் அந்தக் காலுக்கு ஒரு ஷூ பொருந்தியது. அதற்குப் பிறகு ஜோடி தேய்ந்தால் அதே ஃபைலில் இன்னொரு ஜோடி. கரும்பலகை முன்னால் தினமும் ஐந்து பீரியட் நிற்கிறவர்.

"சுண்டுவிரல் பக்கம் கடிக்குது சார். ரெண்டு வாரம் பார்த்துட்டேன், முடியல. பழசுல ஒண்ணும் இல்ல."

"பழசு நைஞ்சு இளகியிருக்கும் டீச்சர். அச்சு அதேதான். உங்க கால்தான் மாறியிருக்கு."

ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். என் வேலையில் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

டீச்சர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். "வயசானா இன்னும் வளையலாம்னு டாக்டர் அப்பவே சொன்னார். பரவால்ல. நிக்காத வேலையா ஸ்கூல் ஆபீஸ்ல போடச் சொல்லி லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பாடம் நடத்துவதைத்தான் அவர் விடப் போகிறார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் அடுத்த காலை வரைய உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஒரு தடவை அந்த ஃபைலைத் திறந்து பாருங்களேன்" என்றார் அக்கா.

"எனக்குத் தெரியாதாக்கும்!" என்று எரிந்து விழுந்தேன். அவர் வாயை அடைப்பதற்காகவே திறந்தேன். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் பாடுபட்டு ஏற்றிய மேட்டைக் காணோம். மொழுமொழுவென்று யாருடைய காலோ இருந்தது. கடைசியாகச் சேமித்த தேதி நாலு மாதத்துக்கு முந்தையது. காவலாளி ஒருவருக்கு அளவெடுத்த நாள்! புதுக் காலை வரையும்போது கிட்டத்தட்ட அதே அளவுள்ள பழைய ஃபைலைத் திறந்து, மாற்றி, வேறு பெயரில் சேமிப்பது என் பழக்கம். அன்று பெயரை மாற்றாமல் அழுத்தித் தொலைத்திருக்கிறேன். டீச்சரின் கால்மேல் காவலாளியின் கால் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"உங்க வெள்ளிக்கிழமை காப்பி இருக்கே அக்கா!"

"அது வாராவாரம் பழசுக்கு மேலயே எடுக்கறது. உங்க தப்பையும் சேர்த்துப் பத்திரமா வெச்சிருக்கேன்." சிரிக்காமல்தான் சொன்னார். "இன்னொண்ணு வீட்ல இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுக்கறது. இங்க தீ கீ பிடிச்சா வேணும்ல? வாங்க, போயிட்டு வந்துடலாம்."

பத்து நிமிட நடை. மாடியில் இரண்டு அறை. துணி அலமாரியின் மேல்தட்டிலிருந்து அவர் கணவரின் கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்தார். அதற்குள் டிரைவ்.

"முன்ன வேலை பார்த்த எடத்துல ஒரே கம்ப்யூட்டர். எட்டு வருஷமா நான் அடிச்சதெல்லாம் ஒரு காலைல போச்சு" என்றார், கதவைப் பூட்டிக்கொண்டே. "ஒருத்தரும் என்னைத் திட்டல. அதான் தாங்கல."

பட்டறைக்கு வந்து டிரைவைச் செருகினார். ஆறு மாதத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் முழுவதும் அதில் ஒரே பெரிய ஃபைலாகக் கிடந்தது.

"சட்டுபுட்டுன்னு எல்லாத்தையும் திருப்பிப் போடுங்க அக்கா!"

"போட்டா அதுக்கப்புறம் நீங்க வரைஞ்ச அம்பத்தேழு காலும் போயிடும். சும்மா உக்காருங்க."

திருப்பிப் போடாமல் திறந்து பார்க்க மட்டும் ஒரு வழி இருக்கிறதாம். எதையோ அழுத்தினார். கம்ப்யூட்டரில் இன்னொரு டிரைவ் முளைத்தது. அதற்குள் அதே ஃபோல்டர்கள், அதே ஃபைல்கள், எல்லாம் ஆறு மாதத்துக்கு முன் இருந்தபடி. டீச்சரின் ஃபைலை மட்டும் எடுத்து, பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்து வெளியே வைத்தார். தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது.

திறந்தேன். மேடு இருந்தது. ஓரத்தில், என்றோ நானே அடித்து வைத்த குறிப்பும் இருந்தது: 'பதினோராவது தடவை. நடந்து பார்த்தார். சிரித்தார்.' எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, திங்கக்கிழமை கட்டை வெட்டிடலாம். ஷூவைச் சரி பண்ணித் தர்றோம்னு சொல்லிட்டா போதும்" என்றேன்.

அக்கா போனை என் முன்னால் நகர்த்தினார். "ஷூ எப்ப வேணா தைக்கலாம் அண்ணே. லெட்டர் திங்கக்கிழமை போயிடும். நீங்க சொன்னதைத்தான் அவங்க நம்பிட்டுப் போனாங்க."

நான் போனைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினேன். எண்ணை அவரே அழுத்திக் கொடுத்தார்.

"டீச்சர், தப்பு என்னோடது. உங்க ஃபைல் மேல வேற ஒருத்தர் காலைச் சேமிச்சுட்டேன். பார்க்காமலே உங்க காலைக் குத்தம் சொல்லிட்டேன். மன்னிச்சுடுங்க."

"அப்ப... என் கால்?"

"பழைய ஷூ இன்னும் கடிக்காம இருக்குல்ல? உங்க கால் அப்படியேதான் இருக்கு டீச்சர்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னாடி காலை வெச்சுப் பார்த்தேன் சார்" என்றார். "நல்லாவே வளைஞ்சிருந்த மாதிரிதான் தெரிஞ்சுது."