ஒரு ஷூவுக்கு ஒரு தடவை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஃபைனல் செக்கிங் வேலை. தையல் கோணலாக இருந்தாலோ தோலில் கீறல் தெரிந்தாலோ, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். குறை கண்டுபிடிக்கச் சம்பளமும் தருகிறார்கள், உன் குணத்துக்கு ஏற்ற வேலை என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

தொண்ணூறுகளின் கடைசியில், வெளிநாட்டுக்குப் போன ஒரு லாட் ஷூ மொத்தமாகத் திரும்பி வந்தது. சாயத்தில் கோளாறு, செக்கிங்கில் தப்பில்லை. ஆனாலும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரே ஷூவை ஐந்தாறு தடவை திருப்பிப் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, நல்ல ஷூவிலும் அம்பு ஒட்டினேன். என்னால் லைனே தேங்கியது. “இன்னாக்கா, பொண்ணுக்கு மாப்ள பாக்கற மாதிரி பாக்கற?” என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சு படபடத்தது, சோறு இறங்கவில்லை. வேலையை விட்டு நின்றுவிடலாம் என்று தீர்மானித்தேன். எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிட்டு, இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அங்கே இருந்த மேடம் மாத்திரை எதுவும் தரவில்லை, கேள்விதான் கேட்டார்.

“ஒரு தடவ மட்டும் பார்த்து அனுப்பினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?”

“தப்பான ஷூ வெளிய போய்டும் மேடம். ஆர்டர் கேன்சலாய்டும். என்னால அத்தன பொம்பளைங்களுக்கும் வேலை போய்டும்.”

“அந்த லாட் திரும்பி வந்தப்போ யாருக்காவது வேலை போச்சா?”

யோசித்தேன். ஒருத்திக்கும் போகவில்லை.

“அப்ப சோதிச்சுப் பார்த்துடலாம். ஒரு வாரம், ஒரு ஷூவுக்கு ஒரே தடவ. என்ன ஆகும்னு பயந்தீங்க, என்ன ஆச்சு, ரெண்டையும் நோட்டுல எழுதிட்டு வாங்க.”

இதுவும் ஒரு வைத்தியமா என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

முதல் நாள், அனுப்பிய ஷூவைத் திரும்ப எடுக்கக் கை துடித்தது. எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பயம் ஏறி, ஏறியபடியே நின்று, பிறகு தானாகவே இறங்கியது. மறுநாள் அவ்வளவு ஏறவில்லை.

சனிக்கிழமை சூப்பர்வைசர் இரண்டு ஜோடியைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். நான் பார்த்து அனுப்பியவை. ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் திருப்பிவிட்டார். எனக்குக் காது அடைத்தது.

“ரெண்டு ஜோடிதான்மா. தையல் பிரிச்சுப் போட்டா சரியாய்டும்,” என்று மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான். அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். அத்தனை நிம்மதி. அதற்கப்புறமும் பயம் அவ்வப்போது எட்டிப் பார்த்தது, நாலைந்து மாதம் வேலூருக்குப் போய் வந்தேன். ஆனால் இத்தனை நாள் நடுங்கிய விஷயம் என் கண்ணெதிரே நடந்தேவிட்டது, நடந்து முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.