காலி இருக்கைக்கு அடித்த மணி

சின்ன எஸ்யூவி வாங்க நானும் மனைவியும் தென்காசியில் இரண்டு பழைய வண்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டாவதில் பின்னால் இடம் அதிகம். சாரலில் அதைக் குற்றாலம் வரை ஓட்டிப் பார்த்தோம்.

வழியில், பின்னிருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று மணி அடித்தது. அங்கே யாருமே இல்லை. மனைவி இறங்கிப் போய்க் காலி இருக்கைக்குப் பெல்ட்டை மாட்டினாள். மணி நின்றது. ஐந்தருவி வளைவில் மறுபடியும் அடித்தது. திரும்பிப் பார்த்தால் பெல்ட் கழன்று கிடந்தது.

"வண்டியத் திருப்புங்க. பின்னால யாரோ இருக்காவ," என்றாள் மெதுவாக. நானும் உடனே வண்டியைத் திருப்பினேன்.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் நேராகப் போனோம். அவர் இருக்கையைக் கழற்றினார். அடியில் காய்ந்த சேறு.

"வெள்ளத்துல முங்குன வண்டி சார். அதான் மணி தப்பா அடிக்கி. பெல்ட் பூட்டும் துருப்பிடிச்சி தானா கழலுது."

எங்கள் மகள் உட்கார இருந்த இடம் அது.

இப்போது எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், முதலில் எல்லாப் பெல்ட்டையும் மாட்டிப் பலமாக இழுத்துப் பார்க்கிறேன்.